ஊலுக்காரன் கௌனாக்

என் தம்பி கௌனாக் செத்தால் அவன் கல்லறையில் என்ன எழுதுவார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். 'இந்தத் தீவின் ஊலுக்காரன்' என்று எழுதுவார்கள். ஊலு எங்கள் பெண்கள் பிடிக்கிற கத்தி, அதைச் செய்கிறவன் ஊலுக்காரன். எழுதித்தர வேறு ஆள் வேண்டாம். அவனே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாவான்.

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரின் வானொலி மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கும். எவருடைய நாய் அவிழ்த்துக்கொண்டு ஓடியது, எந்த வீட்டில் கலைமான் இறைச்சி பங்குக்கு இருக்கிறது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, இதையெல்லாம் சொல்லத்தான் அந்த வானொலி. போனை எடுத்துப் பேசினால் வீட்டுக்கு வீடு கேட்கும். கௌனாக் வாரத்துக்கு நான்கு நாள் எடுப்பான்.

"கௌனாக் பேசுறேன். புதுசா பதினாலு ஊலு செஞ்சு கூட்டுறவுக் கடையில வெச்சிருக்கேன். இந்த மாதிரி ஊலு செய்ய இந்தத் தீவுல வேற ஆள் கெடையாது. பாக்குறவங்க வந்து பாத்துக்கங்க."

பார்ப்பார்கள். வாங்கமாட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஊலுவை அவள் அப்பாவோ புருஷனோ செய்து தருவான். கடையில் போய் ஊலு வாங்குகிறவள் கடையில் போய்ப் புருஷனையும் வாங்கிக்கொள்ளலாம். கௌனாக்கின் பதினான்கையும் வாங்குவது விமானத்தில் வருகிற தெற்கத்திக்காரர்கள்தான். கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவார்கள். ஒரு அம்மாள் அதை வைத்து பீட்சா வெட்டுவதாகக் கடிதம் போட்டிருந்தாள். அந்தக் கடிதத்தையும் இவன் வானொலியில் வாசித்தான். வெட்கமே இல்லாமல் இரண்டு தடவை வாசித்தான்.

ஊலு என்ன சுவர்ச் சாமானா? பாதி நிலா வடிவத்தில் தகடு, முதுகின் நடுவில் கைப்பிடி, முஷ்டியை மூடிப் பிடித்தால் கையின் பலம் முழுக்க நேரே கூர்மேல் இறங்கும். காலையில் அதை வைத்துக் கடல்நாயின் வயிற்றைத் திறக்கிறோம். மதியம் இறைச்சியைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டு உதட்டுக்கு முன்னால் ஒரே வீச்சில் அறுத்துத் தின்கிறோம். சாயங்காலம் தோலில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டுகிறோம். துணி வெட்டுவதும் அதுதான், பிள்ளைக்கு முன்மயிர் வெட்டுவதும் அதுதான். என்னிடம் மூன்று இருக்கிறது. பெரியது அறுப்புக்கு, நடு அளவு தோலுக்கு, சின்னது தையலுக்கு. மூன்றில் ஒன்றைக்கூட நான் சுவரில் மாட்டியதில்லை.

அந்த நடு அளவு ஊலு கௌனாக் செய்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவன் எங்கள் அப்பாவுக்குக் கடைசிப் பிள்ளை. கடற்பனியில் கடல்நாய் மூச்சுவிடும் துளை அருகே நின்றால் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட வேண்டும். இவன் போய் நின்றால் இருமுவான். இருமல் வராத அன்று பேசுவான். நாய்வண்டியில் ஏறினால் நாய்கள் திரும்பி இவனையே பார்த்துக்கொண்டு நிற்கும். அப்பா இரண்டு குளிர்காலம் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, "இவன் வீட்டுல இருந்தா எல்லாருக்கும் ரெண்டு வேள சாப்பாடு கூடக் கெடைக்கும்" என்று விட்டுவிட்டார். இருபத்திரண்டு வயதில் பள்ளிக்கூடம் கட்ட வந்தவர்களின் ரம்பம் ஒன்று இவன் கைக்கு வந்தது. அவர்கள் விட்டுப்போனது என்பான். அவர்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பே அது எங்கள் வீட்டில் இருந்தது.

அந்த ரம்பத் தகட்டில்தான் எனக்கு முதல் ஊலு. என்னை அடுப்படியில் உட்காரவைத்து, பிஸ்கட் பெட்டி அட்டையின்மேல் கையை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்தான். எனக்கு வலது சுண்டுவிரல் கோணல். சின்ன வயதில் நாய்வண்டி வாரில் சிக்கி ஒடிந்து அப்படியே சேர்ந்துபோனது. அந்தக் கோணலையும் விடாமல் வரைந்தான். கலைமான் கொம்பில் கைப்பிடி சீவி, அந்தச் சுண்டுவிரல் வந்து உட்கார ஒரு சின்னக் குழியும் தோண்டினான். பிடித்துப் பார்த்தேன், அதைவிடப் பொருத்தமாக எதையும் நான் பிடித்ததில்லை. தோலின் மேல் தானாக ஓடும். அவன் தன் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டான், நாளெல்லாம் அரம் தேய்த்தான், தேய்த்து ஓய்ந்தால் ஜன்னலில் உட்கார்ந்து பைனாகுலரில் வேட்டைக்காரர்கள் போவதைப் பார்த்து, "இன்னிக்கு இவனுக்கு ஒண்ணும் கெடைக்காது" என்று குறி சொல்வான். பதினைந்து வருடமாக அவன் சுட்டதை விரல் விட்டு எண்ணலாம், ஒரு கை போதும். இதுதான் என் தம்பி.

அவன் பெண்டாட்டி உவிலுக் பக்கத்து வளைகுடாவில் இருந்து வந்தவள். ஆள் சின்னது, குரல் அதைவிடச் சின்னது. வந்த வருடத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தோல் வேலை வராது என்று. கொழுப்பைச் சுரண்டினால் தோலில் வெட்டு விழும். தோலில் ஊசி முனை அளவு வெட்டு விழுந்தாலும் அதில் தைத்த பூட்ஸில் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் கால் உறையும். எங்கள் ஊரில் கால்விரல் குறைந்த ஆண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த மூன்று வீட்டிலும் பூட்ஸ் தைத்தவள் யார் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களிடம் ஒரு பெண்ணின் பெயர் அவள் சுரண்டுகிற தோலில்தான் இருக்கிறது.

கௌனாக் இதை மறைத்தானா? கூவி விற்றான். "கடல்நாயை நான் சுட்டா ஒரு ஓட்டை, என் பொண்டாட்டி தொட்டா பத்து ஓட்டை." கடை வாசலில் சொன்னான், தேவாலய வாசலில் சொன்னான், கல்யாண விருந்தில் வாயில் இறைச்சியை வைத்துக்கொண்டு சொன்னான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அவனுக்கும் அவன் மகன் லீப்பாவுக்கும் இருபத்திரண்டு வருடமாக நான்தான் பூட்ஸ் தைத்தேன். உவிலுக் வாசலில் வந்து வாங்கிக்கொண்டு போவாள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

போன வசந்தத்தில் லீப்பா தெற்கே இயந்திரம் பழுது பார்க்கப் படித்துவிட்டு ஊர் திரும்பினான். இருபத்தொரு வயது. வேட்டைக்காரர்கள் மே மாதம் பனி விளிம்புக்குப் போகும்போது இவனையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் அங்கேயே கூடாரம். உறைந்த கடல் முடிந்து திறந்த தண்ணீர் தொடங்குகிற இடம் அது. வெயிலில் பனி உருகி முழங்கால்வரை தண்ணீர் நிற்கும். முதல்முறை அங்கே போகிறவன் காலில் அவன் அம்மா தைத்ததுதான் இருக்க வேண்டும். அம்மா இல்லாதவனுக்குத்தான் அத்தை தைப்பது.

ஏப்ரல் தொடக்கத்தில் உவிலுக் என் வீட்டுக்கு வந்தாள். தேநீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"தபித்தா அண்ணி, இந்தத் தடவ லீப்பாவுக்கு பூட்ஸ் நான் தைக்கிறேன்."

"தையேன். வீட்டுக்குள்ள போட்டுட்டு நடக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. "பனி விளிம்புக்குப் போறதுக்குத்தான்."

"உவிலு, வெளையாடாத. உன் தோல்ல ஓட்டை விழுந்தா உனக்கு ஒண்ணும் ஆகாது. போறது அவன் விரல்."

"என் புள்ள விரல் எனக்குத் தெரியாதா அண்ணி? தைச்சு உங்ககிட்டயே கொண்டாந்து தரேன். நீங்களே காத்து ஊதிப் பாருங்க. ஒரு எடத்துல கசிஞ்சாலும் நீங்க தைச்சதைப் போட்டுக்கட்டும். கசியலன்னா நான் தைச்சது. அவனும் ஒத்துக்கிட்டான்."

"கசிஞ்சா?"

"கசிஞ்சா இனிமே நான் ஊசியத் தொட மாட்டேன்."

சரி என்றேன். அவள் வாசலைத் தாண்டியதுமே என் பெட்டியில் இருந்து நல்ல தோலாக ஒன்றை எடுத்து லீப்பா அளவுக்கு வெட்டத் தொடங்கிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பன்னிரண்டரைக்குக் கௌனாக் வானொலியில் வந்தான். "லீப்பா நீச்சல் கத்துக்கணுமாம், யாராச்சும் சொல்லிக் குடுங்க. அவங்க அம்மா பூட்ஸ் தைக்கிறா." ஊர் சிரித்த சத்தம் சுவர் தாண்டி எனக்குக் கேட்டது.

பத்து நாள் கழித்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். லீப்பா சுட்ட நான்கு கடல்நாயில் இரண்டு தோல் பாழாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். மிச்சத்தையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பது எண்ணம். கௌனாக் கடைக்குப் போயிருந்தான். உவிலுக் தரையில் உட்கார்ந்து மூன்றாவது தோலைப் பலகைமேல் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாழான இரண்டும் ஜன்னலில் தொங்கின. வெளிச்சம் அவற்றின் ஓட்டை வழியே புள்ளி புள்ளியாகத் தரையில் விழுந்தது.

அவள் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்வதை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. பாழான தோலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கைப்பிடியைச் சுற்றி அவள் விரல்கள் மூடவில்லை. கட்டைவிரலுக்கும் மற்ற விரலுக்கும் நடுவே இரண்டு விரற்கடை வெளி. முஷ்டி மூடாத பிடியில் கத்தி நிற்குமா? தள்ளுகிறபோதெல்லாம் சாய்ந்தது, சாய்கிறபோதெல்லாம் தகட்டின் ஒரு மூலை தோலில் இறங்கப் பார்த்தது. இறங்குவதற்குள் அவள் தூக்கிவிடுவாள். அப்படியே மறுபடி, மறுபடி. நான் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற தோல் அவளுக்கு ஒரு பகல். கடைசியில் எங்கேயோ ஒரு இடத்தில் கை அசந்துவிடும்.

"இங்க குடு" என்று வாங்கினேன்.

முஷ்டியை மூடியதும் என் சுண்டுவிரல் தானாக ஒரு குழியில் போய் உட்கார்ந்தது.

அந்தக் குழி இந்த உலகத்தில் ஒரே ஒரு விரலுக்குத்தான் வேண்டும். நான் கையைத் திறந்து பார்த்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். என் வீட்டில் இருக்கிற ஊலுவுக்கும் இதற்கும் நகக்கண் அளவு வித்தியாசம் இல்லை.

"இது என்னோட ஊலுடி."

"எல்லாமே அப்பிடித்தான் அண்ணி" என்றாள். "கொட்டகையில உங்க கை வரைஞ்ச அட்டைய ஆணியடிச்சு வெச்சிருக்காரு. அதப் பாத்துத்தான் வெட்டுறாரு. கடையில வெக்கிறது, எனக்குக் குடுக்கிறது, எல்லாம் அந்த அளவுதான்."

பிறகு கடைக்குப் போய் நானே பார்த்தேன். வரிசையாக ஒன்பது ஊலு, ஒன்பதிலும் என் கோணல் விரலுக்குக் குழி. பக்கத்தில் ஒரு அட்டை: 'கைப்பிடியில் உள்ள குழி முன்னோர் வழிவந்த வேலைப்பாடு.' முன்னோராம். நாய் இழுத்து ஒடிந்த விரல். தெற்கே எத்தனை வீட்டுச் சுவரில் என் சுண்டுவிரல் தொங்குகிறதோ தெரியாது.

அன்று அவள் வீட்டில் கேட்டேன். "நீ வந்தப்போ உனக்குன்னு ஒண்ணு கொண்டு வந்திருப்பியே?"

"எங்க அப்பா செஞ்சது இருந்துச்சு. என் கைய அவர் கைக்குள்ள வெச்சுப் பாத்துப் பாத்து செஞ்சாரு. கல்யாணம் ஆன கோடையில கப்பல் வந்துச்சில்ல? உங்க தம்பி அத பொம்மைக்கு வெச்சு வெளையாடுற ஊலுன்னு சொல்லி கப்பல்காரன் ஒருத்தன்கிட்ட குடுத்துட்டாரு."

"குடுத்து என்ன வாங்கினான்?"

அவள் முகவாயால் ஜன்னலைக் காட்டினாள். ஜன்னல் திட்டில் பைனாகுலர் இருந்தது.

"கைப்பிடியவாவது சீவிக்கக் கூடாதா?"

"ஒரு தடவ சீவினேன். ஊலுக்காரன் பொண்டாட்டி ஊலுவச் சீவிட்டிருந்தா ஊர்ல என் பேர் என்ன ஆகும்னு கத்துனாரு. அதப் புடுங்கிட்டு மறுநாளே புதுசு ஒண்ணு செஞ்சு குடுத்தாரு. அதே அளவுல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே அவன் காதத் திருகியிருப்பேனே!"

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஊலுவை வாங்கிக்கொண்டு மறுபடி தோலில் குனிந்தாள்.

நேரே கொட்டகைக்குப் போய்க் காத்திருந்தேன். கௌனாக் விசிலடித்துக்கொண்டு வந்தான். அட்டை ஆணியில் தொங்கியது, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, நடுவில் என் கை.

"டேய், உன் பொண்டாட்டி கையப் பாத்திருக்கியா?"

"அதுக்கு என்ன?"

"அது பத்து வயசுப் புள்ள கை மாதிரி இருக்கு. அதுல கொண்டு போய் என் கை அளவு ஊலுவைத் திணிச்சிருக்க. இருபத்திரெண்டு வருஷமா!"

"ஏன், உன் ஊலு நல்லா இல்லையா அக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்புறம்? நல்லா இருக்கிற ஊலுதான் அவளுக்கும் குடுத்திருக்கேன். கை சின்னதா இருந்தா அது ஊலுவோட தப்பா?"

சுத்தியல் பக்கத்தில் இருந்தது, எடுக்காமல் இருந்தது என் நல்ல குணம். "இப்பவே அவ கைக்கு ஒண்ணு செஞ்சு குடு. இன்னும் ரெண்டு தோல்தான் இருக்கு."

அவன் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இப்ப செஞ்சா என்ன அர்த்தம்? இத்தன வருஷம் தப்பா குடுத்தேன்னுதான அர்த்தம்? ஊர்ல நான் எப்பிடித் தலகாட்டுறது? நான் ஊலுக்காரன் அக்கா."

"உன் புள்ள காலுடா!"

"அதுக்குத்தான் நீ இருக்கியே. நீ ஒரு ஜோடி தைச்சு வெச்சிருக்கிறது ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டான்.

இப்படி ஒருத்தனோடு ஒரே வயிற்றில் பிறந்தேன். அவன் மகனின் கால்விரல் ஒரு பக்கம், கடை அலமாரியில் அவன் பெயர் ஒரு பக்கம். எது கனம் என்று யோசிக்கக்கூட அவனுக்கு நேரம் வேண்டியிருக்கவில்லை. நான் திரும்பிப் போய் உவிலுக்கிடம், "செய்ய மாட்டானாம்" என்றேன். "தெரியும்" என்றாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவள் கொட்டகைக்குள் போனாள். அவனுடைய இரும்பறுக்கும் ரம்பத்தையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கடைக்குப் போகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். உட்கார்ந்து, அவன் செய்து கொடுத்த ஊலுவின் கைப்பிடியை ஒரே தட்டில் கழற்றினாள். பிறகு தகட்டை அறுக்கத் தொடங்கினாள்.

எங்கள் ஊரில் புருஷன் உயிரோடு இருக்கிற பெண் தன் ஊலுவைத் தானே செய்துகொள்வதில்லை. செய்துகொண்டால் அந்தப் புருஷன் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் இவள் ஊலுக்காரன் பெண்டாட்டி. முதலில் இரண்டு பெண்கள் நின்றார்கள், பிறகு ஐந்து, பிறகு கடை மேலாளரே கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார். தகடு வழுக்கியது. நான் போய் மண்டியிட்டு அதைப் படியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்காமலே அறுத்துக்கொண்டிருந்தாள்.

கௌனாக் ஓடி வந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "உள்ள வா. உள்ள வந்து செய். நானே செஞ்சு தரேன், உள்ள வா."

"உள்ள வெளிச்சம் பத்தல" என்றாள் உவிலுக், தலையை நிமிர்த்தாமல்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவன் கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று பன்னிரண்டரைக்கு அவன் வானொலியில் வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் காதுகளுக்கு ஒரு விடுமுறை.

அவள் செய்து முடித்த ஊலு அசிங்கமாக இருந்தது. வளைவு ஒரு பக்கம் தூக்கல், கைப்பிடி வெறும் மரத்துண்டு, கடையில் வைத்தால் நாய்கூட மோந்து பார்க்காது. ஆனால் அவள் முஷ்டி முழுதாக மூடியது. மூன்றாவது தோலின் மிச்சத்தை அந்தச் சாயங்காலமே முடித்தாள். நான்காவது தோல் மறுநாள் மதியத்துக்குள் முடிந்தது. இரண்டையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், ஒரு புள்ளி வெளிச்சம் வரவில்லை.

வேட்டைக்காரர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் பூட்ஸை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். லீப்பாவும் கூட வந்து வாசலில் நின்றான். நான் தைத்த ஜோடி மேஜைமேல் இருந்தது. அவள் தைத்ததை எடுத்து வாயில் வைத்து முழு மூச்சையும் உள்ளே ஊதினேன், மேல்வாயை முறுக்கிப் பிடித்தேன், தையல் ஓரமாகக் கன்னத்தை வைத்துக்கொண்டே போனேன். கசிந்தால் கன்னத்தில் சில்லென்று படும். படவில்லை. இன்னொரு காலையும் ஊதினேன். படவில்லை. முதல் காலை மறுபடி எடுத்து ஊதினேன். எங்கேயாவது கசிந்துவிடாதா என்று எனக்குள் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்ததை நான் மறைக்கப் போவதில்லை.

"கசியல" என்றேன்.

லீப்பா அங்கேயே உட்கார்ந்து அதைக் காலில் மாட்டினான். அவன் அம்மா குனிந்து கால் விரலை மேலிருந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னுடைய ஜோடியை நான் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவன் மூன்று கடல்நாயோடு வந்தான். நடு ஊரில் பனிவண்டியை நிறுத்தி, பூட்ஸைக் கழற்றி, உள்காலுறையைப் பிழிந்து காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை. விரல் பத்தும் இருந்தன.

மறுநாள் பன்னிரண்டரைக்கு வானொலி திறந்ததும் முதல் ஆளாக வந்த குரல் யாருடையது என்று நினைக்கிறீர்கள்?

"கௌனாக் பேசுறேன். எல்லாருக்கும் ஒரு புது சேதி. சின்னக் கை இருக்கிற பொம்பளைங்களுக்குன்னு ஒரு புது மாதிரி ஊலு கண்டுபிடிச்சிருக்கேன். ரொம்ப வருஷமா மனசுல யோசிச்சிட்டே இருந்த விஷயம். எங்க வீட்டுலயே வெச்சு சோதிச்சுப் பாத்தாச்சு. அடுத்த வாரம் கடைக்கு வருது."

நான் அப்போது தரையில் அட்டை விரித்து உறைந்த இறைச்சி அறுத்துக்கொண்டிருந்தேன். தூ என்று துப்பினேன், சொந்த வீட்டுத் தரை என்றுகூடப் பார்க்கவில்லை. எழுந்து போனை எடுத்தேன். இன்றைக்கு இவனை ஊர் முன்னால் உரிக்காமல் விடுவதில்லை என்று எண்ணைச் சுழற்றினேன். வேறு யாரோ எனக்கு முன்னால் போய்விட்டார்கள். வானொலியில் மறுபடி குரல் வந்தது. சின்னக் குரல், யார் என்று ஊரே ஒரு கணம் யோசித்திருக்கும். அவள் அதில் பேசி யாரும் கேட்டதில்லை.

"உவிலுக் பேசுறேன். சின்னக் கைக்கு ஊலுங்கிறது புதுசு இல்ல. எங்க அப்பா அக்குமாலிக் எனக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தாரு. என் வீட்டுக்காரர் அத ஒரு பைனாகுலருக்குக் குடுத்துட்டாரு. அவர் குடுத்தது என் கையில நிக்கலன்னு நான் சொல்லாம இல்ல. அவர்கிட்ட சொன்னேன். தபித்தா அண்ணிகிட்டயும் சொன்னேன். லீப்பா வயித்துல ஏழு மாசம், அவங்க வீட்டு அடுப்படியில வெச்சு சொன்னேன். 'என் கைக்கு நல்லாத்தான இருக்கு'ன்னாங்க. அப்புறம் நான் யார்கிட்டயும் சொல்லல. லீப்பாவோட மூணு கடல்நாய் எங்க வாசல்ல இருக்கு. இறைச்சி வேணுங்கிறவங்க ஊலு எடுத்துட்டு வாங்க."

போனை வைத்துவிட்டேன்.

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அந்த வார்த்தையும் என் வார்த்தைதான், நான் அப்படித்தான் பேசுவேன். ஆனால் எவ்வளவு யோசித்தும் அந்த நாள் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள், கையை நீட்டிக் காட்டினாளா, நான் திரும்பியாவது பார்த்தேனா, ஒன்றும் நினைவில்லை. அவள் மாதக்கணக்குச் சொல்லுகிறாள். நான் தேநீர் ஆறுவதற்குள் மறந்திருக்கிறேன்.

ஜன்னல் வழியாகப் பெண்கள் ஊலுவும் பாத்திரமுமாக அவள் வீட்டுப் பக்கம் போவது தெரிந்தது. நானும் என் பாத்திரத்தை எடுத்தேன். நடு அளவு ஊலுவை எடுத்தேன், சுண்டுவிரல் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. கதவுவரை போனேன். பிறகு திரும்பி வந்து இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.